தம்பியின் தொடையும் பெரியப்பாவின் சாட்சியும்

மன்னிப்பதைப் பற்றி எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அறுபதை நெருங்கியதும் எல்லாரையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். மனசு லேசாகிவிட்டதாம். பிரஷர் குறைந்துவிட்டதாம். எனக்குப் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷமாக ஒரு ஆள் மேல் கோபத்தை வைத்திருக்கிறேன், அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்த ஆள் என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன்.

என்னோடு படித்த உங்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, காய்ச்சல் அடிக்கிறது, தொடை வீங்கியிருக்கிறது, என்ன செய்ய என்று எனக்குப் போன் பண்ணுகிறீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள் என்றால் உங்களுக்குக் கோபம் வருகிறது. அந்த "ஒன்றும் செய்யாதீர்கள்" என்ற சொல்லை என் வீட்டில் ஒருவர் கேட்காமல் போனார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் இருந்தோம். பெரியப்பா பேண்டேஜ் துணியை வெளுக்கும் பட்டறையில் மேஸ்திரி. அப்பா சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு தறிச் செட்டில் அதே பேண்டேஜ் துணி ஓட்டினார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் பெரியப்பாதான். அதனால் அவர் பேசும்போது அப்பா தரையைப் பார்ப்பார். பெரியப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அவர் கைவாசம் வரும். பிளீச்சிங் பவுடர் வாசம். எம்புட்டு சோப்புப் போட்டாலும் போகாது.

எங்கள் ஊர்ப் பேண்டேஜ் எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ போகும். அதனால் எங்கள் தெருவில் இருந்த எல்லாருக்கும் தாங்கள் பாதி டாக்டர் என்று ஒரு நினைப்பு. கால் சுளுக்கினாலும் கட்டு, கட்டி வந்தாலும் கட்டு, ஆடு முட்டினாலும் கட்டு. வீட்டுக்கு வீடு துண்டுத் துணி மூட்டை கிடக்கும். அது வெளுக்காத துணி. பழுப்பு நிறத்தில், நூலுக்குப் போட்ட கஞ்சியும் தறித் தூசியும் ஒட்டிக்கொண்டு முடமுடவென்று இருக்கும். அதை வேகவைத்து, வெளுத்து, அலசி, காயப்போட்டால்தான் புண்ணில் வைக்கிற துணி. தறியில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாதா? அதுதானே அவர் பிழைப்பு.

அந்த வருஷம் தம்பி கைக்குழந்தை. ஐந்து மாசம். பெரியப்பாவுக்குக் கடைசியாகப் பிறந்த பெண் ஒருத்தி இருந்தாள், இரண்டரை வயது. சின்னவள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எந்நேரமும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். நான் கக்கூசுக்குப் போனாலும் வெளியே நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அவ்வளவு உயிர் என் மேல்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டி. முந்தின வருஷம் மாமா வீட்டில் ஒரு பிள்ளை கக்குவான் இருமலில் செத்துப்போனது. அம்மா அங்கே பத்து நாள் இருந்து அந்தப் பிள்ளை இருமியதைக் கேட்டுவிட்டு வந்தவள். அதனால், புதன்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து பள்ளிக்கூட வராந்தாவில் கக்குவானுக்குத் தடுப்பூசி போடுகிறார் என்று குழாயடியில் கேள்விப்பட்டதும் அம்மா முடிவு பண்ணிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. பெரியப்பா காலை ஷிப்டுக்குப் போன புதன்கிழமை தம்பியைத் தூக்கிக்கொண்டாள். அன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, துணைக்குக் கூட்டிப்போனாள்.

நர்ஸம்மா ஒல்லியான ஆள். தொண்டை கரகரவென்று இருக்கும். ஸ்டவ்வில் ஒரு தகர டப்பா கொதிக்கும், அதற்குள் கண்ணாடிச் சிரிஞ்சு முட்டுகிற சத்தம் கேட்கும். ஐஸ் போட்ட பிளாஸ்கிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தம்பியின் தொடையைத் துடைத்தபோது அவன் சிரித்தான். ஊசி போட்டதும் ஒரு நொடி ஆச்சரியமாகப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அழுதான். நர்ஸம்மா ஒரு ரோஸ் கலர் அட்டையில் மூன்று கட்டம் இருந்ததில் முதல் கட்டத்தில் டிக் அடித்து என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு நாளைக்குக் காய்ச்சல் அடிக்கும்மா. ஊசி போட்ட எடம் வீங்கிக் கெட்டியா இருக்கும். சில பிள்ளைக விடாம அழும். தானா வடிஞ்சிரும். ஒத்தடம், பத்து, எண்ணெய் ஒண்ணும் வேண்டாம், கையே வைக்காதீங்க. பிள்ளை துவண்டு போனாலோ, வெட்டு, வலிப்பு வந்தாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துருங்க."

காய்ச்சல் மாத்திரையைக் கால் காலாக உடைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்.

நர்ஸம்மா சொன்னது சொன்னபடி நடந்தது. மத்தியானம் தம்பிக்கு உடம்பு கொதித்தது. தொடையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். அழுகையோ, அப்பப்பா, இரண்டு மணி நேரமாக ஒரே அழுகை. அம்மா கால் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு அவனைத் தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்தாள். அவள் பயப்படவில்லை. அதை நான் நன்றாகப் பார்த்தேன். சொல்லிவைத்த காய்ச்சல் வந்திருக்கிறது, சொல்லிவைத்தபடி போய்விடும் என்று இருந்தாள்.

மூன்று மணிக்குப் பெரியப்பா வந்தார். தெருமுனையிலேயே அழுகை கேட்டிருக்கிறது.

"யாரக் கேட்டு ஊசி போட்ட?"

"ரெண்டு நாளுல சரியாயிரும்னு நர்ஸம்மா சொன்னாக, பெரியத்தான். ஒண்ணும் வைக்க வேண்டாம்னாக."

பெரியப்பாவுக்கு ஊசியைவிடத் தன்னைக் கேட்காதது பெரிய விஷயம். மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிச் சாக்கடையில் போட்டார். பெரியம்மாவைக் கூப்பிட்டு இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுக்கச் சொன்னார். உப்பு வெடித்து வெடித்து அடுப்பங்கரை முழுக்கத் தெறித்தது. மூட்டையிலிருந்து துண்டுத் துணியை எடுத்து உப்பை அதில் பொட்டலமாகக் கட்டினார். ஒத்தி ஒத்தி எடுப்பார் என்று நினைத்தேன். அப்படியே தொடையில் வைத்து, அதன் மேல் அதே வெளுக்காத துணியால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். சூடு உள்ளே இறங்கினால்தான் ஊசிக்கட்டி கரையுமாம். கட்டு அவ்வளவு அழகாக இருந்தது. அதில் அவருக்குப் பெருமை வேறு. பெரியம்மாவிடம் காட்டினார்.

தம்பி கத்திய கத்தலை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா இரண்டு தடவை கட்டை அவிழ்க்கக் கை வைத்தாள். இரண்டு தடவையும் பெரியப்பா, "கைய எடு" என்றார். சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். பெரியப்பா அவரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். பேசி முடித்து உள்ளே வந்த அப்பா அம்மாவை அறைந்தார். ஒரே அறைதான். அப்பா அம்மாவை அடித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் கட்டை அவிழ்த்தார்கள். அதற்குள் காய்ச்சல் தானாக இறங்கியிருந்தது. பார்த்தாயா என் வைத்தியத்தை என்று பெரியப்பா மார்தட்டிக்கொண்டேதான் அவிழ்த்தார். துணியோடு தோலும் வந்தது. உப்புச் சூட்டில் கொப்புளம் வந்து, உடைந்து, ஈரத்தில் ஊறி, கஞ்சித் துணி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொடைச் சதையில் நெசவின் கட்டம் கட்டமான தடம் பதிந்திருந்தது. பெரியப்பா அந்தத் துணியைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். பிறகு, "பாத்தியா ஊசி செஞ்ச வேலைய" என்றார்.

நான் அங்கேயே நின்றேன். அந்த வார்த்தை பிறந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் நான்.

அதற்குப் பிறகு சீழ் வைத்தது. டவுனில் டாக்டரிடம் போய்க் கீறி எடுத்தார்கள். மூன்று வாரம் தினமும் துடைத்துக் கட்டினார்கள், இந்தத் தடவை வெளுத்த துணியால். ஊசி போட்டதும் தொடை அழுகிவிட்டது என்று பெரியப்பா டாக்டரிடமும் சொன்னார், தெருவிலும் சொன்னார், கோவிலிலும் சொன்னார். நாங்கள் கிறிஸ்தவர்கள், கோவில் என்று நான் சொல்வது சர்ச்சை. பிறகு நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய் நர்ஸம்மா மேல் புகார் எழுதிக் கொடுத்தார்.

விசாரிக்க ஒரு ஜீப் வந்தது. பெரிய டாக்டர் ஒருவரும் நர்ஸம்மாவும் இறங்கினார்கள். தெருவே வாசலில் நின்றது. பெரிய டாக்டர் அம்மாவிடம், "இதுல ஏதாவது வச்சுக் கட்டுனீங்களாம்மா?" என்று கேட்டார். பெரியப்பா அம்மாவுக்குப் பின்னால் நின்றார். அப்பா முந்தின நாளும் அடித்திருந்தார். விசாரணையில் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே கொடுத்த அடி. கன்னம் வீங்கியிருந்தது.

அம்மா, "இல்ல" என்றாள்.

நர்ஸம்மா குனிந்து தொடையைப் பார்த்தார். அந்தக் கட்டத் தடம் இன்னும் மறையவில்லை. தொடாமல் விரலை மட்டும் அதன் மேல் ஓட்டினார். பிறகு நிமிர்ந்து அம்மாவின் கன்னத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பிப்பார், ஜீப் போன பிறகு அம்மா அடி வாங்குவாள். அதனால் அவர் பேசவில்லை. இது எனக்கு அப்போது புரியவில்லை. தப்புச் செய்ததால்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. போகும்போது அம்மாவிடம் மட்டும் மெதுவாக, "அடுத்த ஊசிய விட்டுராத" என்றார். அந்த மாசமே அவரை ஆலங்குளம் பக்கம் மாற்றிவிட்டார்கள். ரோஸ் கலர் அட்டையைப் பெரியப்பா நாலாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் புதன்கிழமை வராந்தாவுக்குப் போகவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து பெரியப்பாவுக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசி, பிளீச்சிங் காரம் என்று சொல்லிக்கொண்டார். மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வரும். ஆள் என்னவோ வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். மத்தியானம் வந்து படுத்தால் சின்னவள் அவர் நெஞ்சு மேல் ஏறிப் படுத்துத் தூங்குவாள். அது தினமும் நடப்பது. அவருக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். அதை இல்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை.

தை மாசம் சின்னவளுக்கு இருமல் ஆரம்பித்தது. முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு விடாமல் பத்து, பதினைந்து இருமல் வரும். மூச்சு விட நேரமே இருக்காது. முகம் நீலம் பாரிக்கும். கடைசியில் காற்றை இழுப்பாள், "ஊய்ங்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டாள். வன்னியம்பட்டியில் கேட்ட அதே சத்தம். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் சின்னவள் ஓடிவந்து என் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். நான் பிடித்துக்கொண்டால் நின்றுவிடும் என்று நினைத்தாள் போல. கால் ரஸ்கைக் காப்பியில் நனைத்துக் கொடுத்தால்கூட வாந்தியாக வந்துவிடும். தம்பிக்கும் வந்தது. அவனும் இருமினான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. பால் குடித்தான், வாந்தி எடுத்தான், திரும்பக் குடித்தான்.

தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது. சின்னவளைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய துக்கம் அதுதான். பெரியப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டதைப் பார்த்து நானும் அழுதேன். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் நானும் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு கோவிலில் சாட்சி நேரம் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்டவர் தன் வீட்டில் என்ன செய்தார் என்று யாரும் எழுந்து நின்று சபை முன்னால் சொல்லலாம். சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. முடித்ததும் எல்லாரும் ஆமென் என்பார்கள். பெரியப்பா எழுந்தார். எங்கள் வீட்டில் ஒருத்தி சொல்பேச்சுக் கேட்காமல் பிள்ளைக்கு ஊசி போட்டாள், அந்த ஊசி வழியாகத்தான் நோய் வீட்டுக்குள் வந்தது, அவள் பிள்ளை லேசாக இருமிவிட்டு அதை என் பிள்ளைக்கு மாற்றிவிட்டுப் பிழைத்துக்கொண்டது என்று சொன்னார். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் அம்மா தம்பியை மடியில் வைத்திருந்தாள். சபை ஆமென் என்றது. பழக்கத்தில் நானும் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாரும் அம்மா கையில் குழந்தையைக் கொடுத்ததில்லை. ஞானஸ்நான வீடு, பிறந்தநாள் வீடு எங்கே போனாலும் பிள்ளை கைமாறி கைமாறி வரும், அம்மாவைத் தாண்டிப் போகும். யாரும் திட்டமாட்டார்கள், வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அம்மா கையை மடியில் வைத்தபடி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பெரியப்பா வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சாட்சியைச் சொல்லிவிடுவார். வருஷாவருஷம் ஊசி பெரிதாகிக்கொண்டே போனது, உப்பு அதில் வரவே இல்லை.

எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள். பிள்ளையை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் வாங்கலாமாட்டி?" என்று கேட்டாள்.

பெற்ற மகளிடம் ஒரு தாய் கேட்கிற கேள்வியா இது? அந்த நிமிஷம்தான் முடிவு பண்ணினேன். இந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே, இதே சொந்தக்காரர்கள் முன்னால், அவர் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்க வேண்டும். செத்த பிறகு சொன்னால் அது புரளியாகிவிடும். அதை அம்மா தன் காதால் கேட்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஒவ்வொரு தடவையும் அவளே என் கையைப் பிடித்து அடக்கிவிட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன், விட்டுரு என்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். என் கையைப் பிடிக்க அதற்குப் பிறகு ஆளில்லை.

போன வருஷம் எனக்கு விடாத இருமல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். ஊசி போட்ட இடம் வீங்குவதும் காய்ச்சலும் அழுகையும் வழக்கமாக வருவதுதான் என்றார். எப்போதாவது ஊசியாலேயே சீழ் வைப்பதும் உண்டு, ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சூட்டுப் புண்ணில் அழுக்குத் துணி செய்த வேலை மாதிரிதான் இருக்கிறது என்றார். தடுப்பூசி மருந்து கக்குவானைக் கொண்டுவராது. ஒரே ஒரு ஊசி முழுசாகக் காப்பாற்றாது, ஓரளவு தாங்கியிருக்கலாம். பிறகு அவராகவே ஒன்று கேட்டார், வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது அதற்கு முன்னால் நீண்ட நாள் இருமல் இருந்ததா என்று. பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் வெறும் இருமலாகத்தான் தெரியுமாம். அவர்களிடமிருந்துதான் பல பிள்ளைகளுக்கு ஒட்டுமாம்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

மூன்று மாசம் கழித்துப் பெரியப்பாவுக்குத் தொண்ணூறு வயது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு ஸ்தோத்திரக் கூட்டம், மத்தியானம் பிரியாணி. ஆள் இன்னும் திடமாகத்தான் இருந்தார். காது கேட்கும், கண் தெரியும். அவருடைய பேரன் பெண்டாட்டி, கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை பார்க்கிற பிள்ளை, பத்து வாரக் குழந்தையோடு முன்வரிசையில் இருந்தாள். முந்தின நாள் குழந்தைக்கு ஊசி போட்டிருந்தார்கள். அந்த வாரத்தில் போடுகிற எல்லாம், கக்குவான் அதில் ஒன்று. ஆறாவது வாரம் போட்டதற்கு அடுத்த தவணை இது. குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல், முனகிக்கொண்டே இருந்தது.

அந்த முனகல் பெரியப்பா காதில் விழுந்தது. மைக்கை வாங்கினார். அதே சாட்சி. இந்தத் தடவை ஒருத்தி என்றுகூடச் சொல்லவில்லை. "எந்தம்பி பொண்டாட்டி" என்றே சொன்னார். செத்துப்போனவள்தானே, யார் கேட்கப்போகிறார்கள். அடுத்த ஊசியை யோசித்துப் போடுங்கள் என்று பேரனைப் பார்த்து முடித்தார். பேரன் தலையாட்டினான். அவன் பெண்டாட்டி குழந்தையின் தொடையைத் தடவிப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. எல்லாரும் ஆமென் என்றார்கள்.

நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "விட்டுருக்கா, சாப்பிடுற நேரத்துல" என்றான். அவன் தொடைத் தழும்பு இன்னும் உள்ளங்கை அகலம் இருக்கிறது. அவனுக்கே கோபம் இல்லை, பாருங்கள். முந்தானையை உருவிக்கொண்டு போய், எனக்கும் சாட்சி உண்டு என்று பாஸ்டரிடம் மைக்கை வாங்கினேன். சாட்சியில் குறுக்கே பேசக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு எனக்கு உதவியது.

கத்தவில்லை. புதன்கிழமையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். நர்ஸம்மா சொன்னது, சாக்கடைக்குப் போன மாத்திரை, வறுத்த உப்பு, வெளுக்காத துணி. அந்தத் துணியைப் புண்ணில் வைக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே பிளீச்சிங் மேஸ்திரியான இவர்தான் என்று சொன்னேன். அம்மாவின் வீங்கின கன்னத்தைச் சொன்னேன். பிரியாணி கிண்டுகிற ஆள்கூட கரண்டியை வைத்துவிட்டான். கடைசியில் பெரியப்பா முன்னால் போய் நின்றேன்.

"அந்த வருசம் நம்ம வீட்டுல மொதல்ல இருமுனது யாரு, பெரியப்பா? சின்னவ யாரு நெஞ்சுல படுத்துத் தூங்குனா? நான் சொல்றது பொய்யின்னா நீங்களே சொல்லுங்க."

மைக்கை அவர் கையில் வைத்தேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. அவருடைய மகன் எழுந்தான், பாஸ்டர் அவனை உட்காரச் சொன்னார். நான் நகரவில்லை.

"நெசந்தான்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு அப்பமே தெரியும்ட்டி. நெஞ்சுல போட்டு நானே கொன்னுட்டேன்னு எப்பிடிச் சொல்லுவேன். பழியத் தூக்கி மேல போட ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. உங்கம்மா திருப்பிப் பேசமாட்டா."

அழுதார். தொண்ணூறு வயது ஆள் அழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் உங்கம்மா திருப்பிப் பேசமாட்டா என்ற சொல் என் காதை விட்டுப் போகவில்லை.

"என்னைய மன்னிச்சிரு தாயி" என்றார்.

பந்தல் முழுக்க என் வாயைப் பார்த்தது. பாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். மன்னித்தேன் என்று நான் சொன்னால் ஒரு ஆமென் போட்டுவிட்டு எல்லாரும் பந்திக்கு எழுந்துவிடுவார்கள். பெரியப்பா நல்லவராகிவிடுவார். இன்னும் பத்து வருஷம் இதையே புதுச் சாட்சியாகச் சொல்லுவார்கள்.

மைக் அவர் கையில்தான் இருந்தது. அதில் விழும்படி குனிந்து சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீக? நான் சின்னப் பிள்ள. அவ போய் நாலு வருசமாச்சு. உங்களுக்கும் தொண்ணூறு ஆயிருச்சு. சீக்கிரம் போவீகல்ல, அவகிட்டயே நேர்ல கேட்டுக்கோங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். பேரன் பெண்டாட்டி குழந்தையோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.